வாசகர் கேள்வி – பதில்: நற்கருணை அப்பமும் இரசமும்

கேள்வி: நான் சேலத்தில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவள், கணவர் வீட்டார் கத்தோலிக்கர். அண்மையில் ஏற்காட்டில் என் நாத்தனார் மகளுக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுத்தார்கள். எல்லாரும் எழுந்து நன்மை வாங்கப் போனபோது நான் மட்டும் இருக்கையிலேயே இருந்தேன். “அத்தை, நீங்க ஏன் வரல?” என்று குழந்தை கேட்டாள், எனக்குப் பதில் தெரியவில்லை. நாங்களும் அதே அப்பத்தையும் திராட்சை இரசத்தையும் தானே பெறுகிறோம்? – ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்.

பதில்: அன்புச் சகோதரி, இயேசு கடைசி இராவுணவில் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோது சொன்ன “இது என் உடல்” என்ற சொற்களை எல்லாத் திருச்சபைகளும் ஏற்கின்றன, அவை எந்தப் பொருளில் சொல்லப்பட்டன என்பதில்தான் பிரிந்து நிற்கின்றன.

கத்தோலிக்கத் திருச்சபை அச்சொற்களை உள்ளபடியே கொள்கிறது. குரு திருப்பலியில், அதாவது நற்கருணை வழிபாட்டில், அவற்றை உரைக்கும்போது அப்பத்தின் நிறமும் சுவையும் மணமும் அப்படியே இருக்க, அதன் உட்பொருள் முழுவதும் கிறிஸ்துவின் உடலாக மாறிவிடுகிறது என்பது அதன் போதனை. 1215-இல் ஆயர்களின் பேரவையான நான்காம் லாத்தரன் சங்கம் இம்மாற்றத்தைக் குறிக்கும் சொல்லைக் கையாண்டது. 1551-இல் திரெந்து சங்கம் போதனையை விரிவாக வரையறுத்தது. ஆனால் சங்கங்களின் ஏடுகளைவிட, திருப்பலியின் முடிவில் பீடத்தருகே நடப்பதைப் பார்த்தாலே இந்த நம்பிக்கை விளங்கிவிடும். எஞ்சிய அப்பங்களைப் பேழைக்குள் வைத்துப் பூட்டுகிறார்கள். அதன் அருகே விளக்கு அணையாமல் எரிகிறது. தட்டில் ஒட்டியிருக்கும் துகளையும் குரு கிண்ணத்துக்குள் துடைத்துவிட்டு, தண்ணீர் ஊற்றி அலசி, அந்தத் தண்ணீரையும் தாமே பருகுகிறார். ஒரு துகளிலும் ஆண்டவர் முழுமையாக இருக்கிறார் என்று நம்புகிறவர்களால் வேறெப்படியும் நடந்துகொள்ள முடியாது.

கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்த சீர்திருத்தச் சபைகள் எல்லாம் “வெறும் அடையாளம்” என்று சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள், அது தவறு. 1529-இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் சுவிங்கிலியும் சந்தித்தபோது, பதினைந்து விதிகளில் பதினான்கில் உடன்பட்டு, நற்கருணை பற்றிய கடைசி விதியில் முறிந்தார்கள். லூத்தர் “இது என் உடல்” என்பதை இலத்தீனில் மேசைமீது சுண்ணக்கட்டியால் எழுதிவைத்துக்கொண்டு, அதிலிருந்து அசைய மறுத்தார். அப்பம் அப்பமாகவே இருக்க, அதிலும் அதோடும் அதன்கீழும் கிறிஸ்துவின் மெய்யான உடல் தரப்படுகிறது என்பது அவர் நிலை. அந்த இலத்தீன் வாக்கியத்தில் வரும் ‘இருக்கிறது’ என்னும் வினைக்குக் ‘குறிக்கிறது’ என்றே பொருள் என்று வாதாடினார் சுவிங்கிலி. தமிழில் இந்த வாக்கியத்துக்கு வினையே தேவையில்லை என்பதை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. கத்தோலிக்க ஆலயத்தில் “என் உடல்” என்று சொல்லி நிறுத்துகிறோம். உங்கள் வீட்டுப் பழைய வேதாகமத்திலோ “என்னுடைய சரீரமாயிருக்கிறது” என்று இருக்கும். இயேசு பேசிய அரமேய மொழியிலும் அந்த வினை இல்லாமலே இதைச் சொல்லலாம். அதனால் இலக்கணத்தை மட்டும் வைத்து இவ்வழக்கைத் தீர்க்க இயலாது என்பது என் கருத்து. லூத்தரன் சபைகளும், இன்னொரு சீர்திருத்தத் தலைவரான கால்வினின் வழிவந்த சபைகளும் ஐரோப்பாவில் ஒரே பந்தியில் அமர உடன்பட 1973 வரை ஆயிற்று.

கால்வின் இவ்விருவருக்கும் இடையே நின்றார். கிறிஸ்துவின் உடல் விண்ணகத்தில் இருக்கிறது, ஆனால் விசுவாசத்தோடு உண்பவர் தூய ஆவியாரின் வல்லமையால் மெய்யாகவே அவரோடு இணைகிறார் என்றார். உங்கள் தாய்ச்சபையில் இந்தச் சாயல் உண்டு. ஆனால் அது மட்டுமே இல்லை. சேலத்தில் 1827-இல் லண்டன் மிஷன் தொடங்கிய பணியின் வழியில் வந்தவர்களும், ஆங்கிலிக்கன் மரபில் வந்தவர்களும் 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையில் ஒன்றானார்கள். திருவிருந்து, அதாவது நற்கருணை, கடவுள் நம்மில் செயலாற்றும் அருளின் சாதனம் என்று அறிக்கையிட்டு ஒன்றுகூடினார்கள். எவ்வாறு என்பதற்கு ஒரே விளக்கத்தைக் கட்டாயமாக்கவில்லை. ஆகவே ஒரே பெஞ்சில் பக்கத்தில் முழங்காற்படியிடுகிறவர் உங்களினும் வேறு விதமாக நம்பலாம். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை.

பெந்தெகொஸ்தே சபைகளும் சகோதர சபைகளும் அப்பம் பிட்குதலை நினைவுகூருதலாகவே பெரும்பாலும் விளக்குகின்றன. அதையும் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பாஸ்கா விருந்தில் ஒவ்வொரு தலைமுறையும் தானே எகிப்திலிருந்து புறப்பட்டு வந்ததாக எண்ணிக்கொள்ள வேண்டும் என்பது யூத மரபு. அந்தப் பந்தியில்தான் இயேசு “என் நினைவாக” என்றார்.

இனி உங்கள் மனத்தாங்கலுக்கு வருகிறேன். நன்மை வாங்குவது, அந்தத் திருச்சபையின் நம்பிக்கையோடும் ஒழுங்கோடும் முழுமையாக ஒன்றித்திருப்பதன் வெளிப்பாடு என்று கத்தோலிக்கர் கொள்கிறார்கள். அதனால்தான் பிற சபையினருக்குப் பொதுவாக அது வழங்கப்படுவதில்லை. உயிராபத்து போன்ற வேளைகளில் நிபந்தனைகளோடு விதிவிலக்கு உண்டு. உங்கள் திருமுழுக்கை அவர்கள் மதிக்கிறார்கள்; உங்கள் பக்தியைக் குறைத்து மதிப்பிட்டு ஒதுக்கவில்லை. உங்கள் கணவர் உங்கள் தாய்ச்சபைக்கு வந்தால் அங்கே பந்தி அவருக்குத் திறந்தே இருக்கும். ஆனால் அவருடைய திருச்சபையின் சட்டம் அவரைத் தடுக்கிறது. வலி இரண்டு பக்கமும் இருக்கிறது.

குழந்தையிடம் மறைக்க வேண்டாம். “அத்தையும் இயேசுவை நம்புகிறேன், எங்கள் கோயிலில் வாங்குகிறேன், ரெண்டு கோயிலும் இன்னும் ஒன்றாகவில்லை” என்று சொல்லுங்கள். எட்டு, ஒன்பது வயதுக்கு அது விளங்கும்.

கேள்வி: எங்கள் சபையில் திராட்சைச் சாறுதான் கொடுக்கிறார்கள். அது செல்லுமா? – ஒரு வாசகர், ஏற்காடு.

பதில்: உங்கள் சபையின் மரபில் தாராளமாகச் செல்லும். புளிக்காத சாற்றின் வழக்கம் பரவியது மதுவிலக்கு இயக்கத்தின் காலத்தில். அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற மெத்தடிஸ்ட் பல் மருத்துவர் 1869-இல் திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் காக்கும் முறையைத் திருவிருந்துக்கென்றே உருவாக்கினார். நம் ஊர்ச் சபைகளில் கறுப்புத் திராட்சையை வீட்டிலேயே வேகவைத்து, துணியில் வடிகட்டிக் கொண்டுவரும் தாய்மார் செய்வதும் ஏறத்தாழ அதுவே. கத்தோலிக்கச் சட்டமோ கோதுமை அப்பமும் புளித்த திராட்சை இரசமும் வேண்டும் என்கிறது. மது அறவே ஆகாதவர் மட்டும், ஆயரின் அனுமதியோடு, புளிப்பேறாமல் தடுத்துவைத்த சாற்றைப் பயன்படுத்தலாம்.