தலைக்கனம் என்று நினைத்த மனிதர்

வணக்கம் ஐயா,

நண்பர்கள் கூடியிருந்த ஓர் இடத்தில் ஒருவரை முதன்முதலாகச் சந்தித்தேன். அன்று அவர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் கேட்ட கேள்விக்கும் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். தலைக்கனம் பிடித்தவர் என்று அன்றே முடிவுகட்டித் தோழிகளிடமும் சொல்லிவைத்தேன். பிறகு இருவரும் ஒரே குழுவில் வேலை செய்ய நேர்ந்தது. நான் செய்த பிழை ஒன்றை, யார் காதுக்கும் போகாமல் அவர் சரிசெய்திருந்தது, பல வாரங்கள் கழித்து வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. சென்ற மாதம் அவர் தன் விருப்பத்தைச் சொன்னார். எனக்கும் விருப்பம்தான். ஆனால் அன்று அவ்வளவு உறுதியாகத் தவறாக முடிவுகட்டிய என் மனத்தை இன்று எதை வைத்து நம்புவது? அவரைப் பற்றி முன்பு நினைத்ததை அவரிடம் சொல்ல வேண்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உறுதியாக இருந்தோம் என்பதை ஒரு சான்றாக நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 2006இல் வில்லிஸ், டோடொரோவ் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமற்ற முகங்களை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டுமே காட்டி, இவர் நம்பத் தகுந்தவரா என்பது போன்ற கேள்விகளைக் கேட்டார்கள். அதற்குள்ளாகவே பார்த்தவர்களின் மனம் தீர்ப்பு எழுதிவிட்டது. கூடுதல் நேரம் கொடுத்தபோது தீர்ப்பு பெரும்பாலும் அப்படியே இருக்க, அதன் மேலிருந்த நம்பிக்கைதான் வளர்ந்தது. 1946இல் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு மனிதரைப் பற்றிய ஆறு சொற்களை ஒரு குழுவினருக்கு 'அறிவாளி' என்பதில் தொடங்கிப் 'பொறாமைக்காரர்' என்பதில் முடியுமாறும், இன்னொரு குழுவினருக்குத் தலைகீழாகவும் படித்துக் காட்டினார். சொற்கள் அவையேதான், ஆனால் நல்ல சொல்லை முதலில் கேட்டவர்களுக்கு அந்த மனிதர் மேலானவராகத் தெரிந்தார். உங்களுக்கு நடந்ததும் இதுதான். அவருடைய உதவியை முதலில் அறிந்து, அந்த மௌனத்தைப் பிறகு கண்டிருந்தால், கூச்ச சுபாவம் என்று சொல்லிக் கடந்துபோயிருப்பீர்கள்.

அதற்காக அன்றைய நாளை அப்படியே அழித்துவிடாதீர்கள். ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னார், திரும்பிக்கொண்டார் என்பது நீங்கள் கண்ணால் கண்டது. அது இன்றும் உண்மைதான். தலைக்கனம் என்பது நீங்கள் சேர்த்துக்கொண்டது. சேர்த்ததை விட்டுவிடலாம், கண்டதை விடக்கூடாது. அன்று என்ன ஆயிற்று என்று அவரிடமே கேளுங்கள். ஏதோ துயரத்தில் இருந்திருக்கலாம், புதியவர்கள் நடுவே நாக்கு எழாதவராக இருக்கலாம், உண்மையிலேயே மதிக்காமலும் இருந்திருக்கலாம். கடைசியாகச் சொன்னதுதான் என்றால், எப்படிப்பட்டவர்களிடம் அவர் அப்படி முகம் திருப்புகிறார் என்பதை, சேர்ந்து வாழ எண்ணும் நீங்கள் அறிந்தே ஆக வேண்டும்.

இன்றைய மதிப்பீட்டையும் இதே கண்டிப்போடு பாருங்கள். ஒருவருக்கு நம்மைப் பிடித்திருக்கிறது என்று தெரிந்ததுமே அவரிடம் நம் மனம் இளகிவிடும். அது மனித இயல்பு. ஆகவே, அவர் விருப்பத்தைச் சொல்வதற்கு முன் அவரைப் பற்றி நீங்கள் அறிந்தவை எவை, சொன்ன பிறகு அழகாகத் தெரியத் தொடங்கியவை எவை என்று பிரித்துப் பாருங்கள். உங்கள் பிழையை அவர் மறைவாகத் திருத்தியது முதல் வகையைச் சேர்ந்தது என்பதால் உங்கள் கடிதத்தில் அதையே பெரிதாக மதிக்கிறேன். ஆனால் அதுவும் முழுச் சான்று ஆகாது, ஏனென்றால் அப்போதே உங்கள் மேல் அவருக்கு நாட்டம் இருந்திருக்கக்கூடும். அதே குழுவில் அவருக்கு எந்த நாட்டமும் இல்லாத, அவருக்கு எந்த ஆதாயமும் தர முடியாத ஒருவர் பிழை செய்தபோது அவர் எப்படி நடந்துகொண்டார்? உங்களுக்கு வேண்டிய விடை அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு, சொல்லுங்கள் என்பதே என் பதில். ஆனால் அதற்கு முன் தோழிகளிடம் போய், அன்று சொன்னது அவசரப்பட்டுச் சொன்னது என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் இன்னும் அந்தச் சொல்லை வைத்துத்தான் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் கேட்டு ஒரு மாதம்தான் ஆகிறது; இன்னும் சிறிது காலம் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். அதை அவர் எப்படி ஏற்றுக்கொள்கிறார் என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.