தூண்டில் ராடுக்குப் பூசும் எபாக்ஸியும் தீராத கை அரிப்பும்

கேள்வி: எனக்கு வயது 42. தூண்டில் ராட் செய்வது என் பொழுதுபோக்கு. நண்பர்களுக்கும் செய்து கொடுக்கிறேன். வளையங்களை நூலால் சுற்றிக் கட்டி, அதன் மேல் ரெசினையும் ஹார்டனரையும் கலந்து எபாக்ஸி பூச்சு கொடுப்பேன். மூன்று வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை. சில மாதங்களாக விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் அரிப்பு, சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள். சில நாள் காலையில் கண் இமை வீங்கியிருக்கிறது. மருந்துக்கடையில் படர்தாமரை என்று சொல்லி ஒரு களிம்பு கொடுத்தார்கள். போட்டால் அடங்குகிறது, விட்டால் திரும்ப வருகிறது. கையுறை போட்டுத்தான் பூசுகிறேன். இது மீன் அலர்ஜியா? ராட் செய்வதை விட்டுவிட வேண்டுமா? என் ராடைப் பிடிப்பவர்களுக்கும் வருமா?
– சென்னை வாசகர்

பதில்: நீங்கள் எழுதியதில் முக்கியமான துப்பு இமை வீக்கம்தான். படர்தாமரை இப்படி ஒரே இரவில் இமையை வீங்க வைத்துவிட்டுப் போகாது. மீன் அலர்ஜி என்றால் பெரும்பாலும் மீனைத் தொட்ட சில நிமிடங்களிலேயே தடித்துவிடும். பூச்சு வேலை செய்த தேதிகளையும் அரிப்பு கிளம்பிய தேதிகளையும் காலண்டரில் குறித்து வாருங்கள். பூசிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ அரிப்பு ஆரம்பிக்கிறது என்றால், அநேகமாக இது எபாக்ஸியால் வரும் தொடு ஒவ்வாமை.

மூன்று வருடம் சும்மா இருந்தது எப்படி என்று கேட்பீர்கள். இந்த வகை ஒவ்வாமை அப்படித்தான். இறுகாத ரெசினில் உள்ள சிறிய மூலக்கூறுகள் தோலுக்குள் இறங்கிப் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். நோய் எதிர்ப்பு அணுக்கள் அதை என்றைக்கு அந்நியன் என்று பதிந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. சிலருக்குச் சில வாரம், சிலருக்குப் பல வருடம். பதிந்த பிறகு துளி பட்டாலும் கிளம்பும். ஹார்டனரில் உள்ள அமீன்களும் இதே வேலையைச் செய்யும், அதோடு தோலை நேரடியாகவும் எரிக்கும். வருத்தமான செய்தி, ஒருமுறை வந்த ஒவ்வாமை பொதுவாக ஆயுளுக்கும் நிற்கும்.

சரி, கையுறை போட்டும் ஏன் வந்தது? எந்தக் கையுறை என்று நீங்கள் எழுதவில்லை. லேடக்ஸ் கையுறை என்றால் எபாக்ஸிக்கு அது கிட்டத்தட்ட வெறும் கைதான். மெல்லிய நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை கொஞ்ச நேரம் தாங்கும்; பட்டவுடன் கழற்றிப் போட்டுவிட வேண்டும், கழுவி மறுபடி போடக் கூடாது. பல அடுக்கு பிளாஸ்டிக் படலத்தால் செய்த ரசாயனக் கையுறைதான் நம்பகமானது. அது கையில் தொளதொளவென்று இருக்கும், மேலே ஒரு நைட்ரைல் மாட்டிக்கொண்டால் தூரிகை பிடிக்க வரும்.

கையுறையை விடப் பெரிய ஓட்டை மேசையில் இருக்கிறது. அளவு எடுக்கும் சிரிஞ்சின் வெளிப்பக்கம், பாட்டில் கழுத்தில் வழிந்து பிசுபிசுக்கும் ரெசின், ராடைச் சுழற்றும் மோட்டாரின் சுவிட்ச், நடுவில் எடுத்துப் பார்த்த செல்போன். எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத பூச்சு இருக்கும். கையுறையைக் கழற்றிய பிறகு அதே சுவிட்சைத் தொட்டு, அதே விரலால் கண்ணைக் கசக்கினால் போதும். இமைத் தோல் உடம்பிலேயே மெல்லியது. உள்ளங்கை தாங்குவதை அது தாங்காது. குமிழி உடைக்கத் தீச்சுவாலை காட்டும்போது முகத்தைக் கிட்டே கொண்டு போவதும் ஒரு காரணமாகலாம். அப்புறம், கையில் ஒட்டியதைத் தின்னராலோ அசிட்டோனாலோ துடைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். அது தோலின் எண்ணெயை உரித்து, ரெசினுக்குக் கதவைத் திறந்துவிடும். சோப்பும் தண்ணீரும் போதும்.

மருந்துக்கடைக் களிம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். படர்தாமரைக்கு என்று இங்கே கேட்காமலே தரும் களிம்புகள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. போட்டால் அடங்கியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அதை இமையில் தடவாதீர்கள். தொடர்ந்து தடவினால் தோல் மெலியும், கண் அழுத்தமும் கூடலாம். கைக்கு ஒரு மருந்து, இமைக்கு அதைவிட மென்மையான வேறு மருந்து, அதுவும் சில நாட்களுக்கு மட்டும் என்று தோல் மருத்துவர் எழுதித் தருவார். அலர்ஜி மாத்திரை இந்த வகை அரிப்புக்குப் பெரிதாக உதவாது, சில மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும், அவ்வளவுதான்.

என் சந்தேகத்தை உறுதி செய்யப் பேட்ச் டெஸ்ட் இருக்கிறது. ஒவ்வாமை தரக்கூடிய பொருட்களை முதுகில் சின்னச் சின்ன ஒட்டுகளாக வைத்து, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். பிறகு நான்காம் நாள் வாக்கில் மறுபடியும் பார்ப்பார்கள். வழக்கமான சோதனைப் பட்டியலிலேயே எபாக்ஸி ரெசின் உண்டு. நீங்கள் பயன்படுத்தும் ஹார்டனர் அதில் இல்லாமல் போகலாம் என்பதால் பாட்டில் லேபிளைப் படம் எடுத்துக் கொண்டுபோங்கள். பாட்டிலில் இருப்பதை நீங்களே தோலில் தடவிச் சோதிக்க வேண்டாம்; இல்லாத ஒவ்வாமையையும் அதுவே உண்டாக்கிவிடும்.

விட்டுவிட வேண்டுமா? ராடை விட வேண்டாம், எபாக்ஸியை விடுங்கள் என்பேன். ஒவ்வாமை உறுதியானவர்கள் கவனமாக இருந்தே சமாளிப்பது கடினம். ஒற்றை டப்பாவில் வரும் எண்ணெய் வார்னிஷை மெல்லிதாகப் பல தடவை பூசலாம்; எபாக்ஸி போல ஒரே பூச்சில் கண்ணாடிப் பளபளப்பு வராது, நாட்களும் கூடும், ஆனால் நூலைக் காக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். விளக்கொளியில் இறுகும் யுவி பூச்சுக்கு மாறச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் அவசரப்படாதீர்கள். அதில் உள்ள அக்ரிலேட்டுகளும் ஒவ்வாமை தருபவை, ஜெல் நகப்பூச்சு போடுகிறவர்கள் இதனாலேயே எங்களிடம் வருகிறார்கள். இரண்டு பாகமாகக் கலக்கும் பாலியூரித்தேனில் ஐசோசயனேட் உண்டு, அது ஆஸ்துமா வரை கொண்டுபோகும். ஜப்பானில் மூங்கில் ராடுகளுக்குப் பூசும் உருஷி அரக்கும் சாதுவல்ல. அது ஒரு மரத்தின் பால்; அந்த மரம் நம் சேராங்கொட்டைக்கும் முந்திரிக்கும் சொந்தம், பச்சையாகப் பட்டால் தோல் பொங்கிவிடும்.

எந்தப் பூச்சாக இருந்தாலும் வேலை செய்யும்போது இளைப்போ நெஞ்சு இறுக்கமோ வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஹார்டனர் கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு, நேரே கண் மருத்துவரிடம் போங்கள்.

உங்கள் நண்பர்கள் பயப்பட வேண்டாம். சரியான விகிதத்தில் கலந்து முழுதாக இறுகிய எபாக்ஸி தோலை ஒன்றும் செய்யாது. விகிதம் தப்பினால்தான் பூச்சு நாட்கணக்கில் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும், அதில் கை வைப்பவருக்கும் ஆபத்து. மறுநாள் தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே முழுதாக இறுகியிருக்காது, அப்போது உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசியும் அரிக்கும். ஏற்கெனவே பூசி வைத்த ராடுகள் இருந்தால், ஒரு வாரம் தொடாமல் வைத்துவிட்டுக் கொடுங்கள்.