கழற்றிப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்

கேள்வி: ஐயா, என் காரின் பின்சக்கரத்தில் ஆணி ஏறிவிட்டது. டியூப்லெஸ் டயர். வெளியிலிருந்தே துளைக்குள் ரப்பர் திரி போட்டு ஐந்து நிமிடத்தில் முடித்துத் தருவதாக ஒரு கடைக்காரர் சொல்கிறார். இன்னொருவர் டயரைக் கழற்றி உள்ளே காளான் பேட்ச் ஒட்ட வேண்டும் என்கிறார். என் மைத்துனரோ புது டயரே வாங்கிவிடச் சொல்கிறார். ஆணியை இன்னும் எடுக்கவில்லை, காற்று மெதுவாகத்தான் இறங்குகிறது. குடும்பத்தோடு அடிக்கடி நெடுஞ்சாலையில் போகிறவன் நான். எதைச் செய்வது?

பதில்: ஆணியைப் பிடுங்காமல் விட்டது நல்ல காரியம். அது இருக்கும்வரை துளையை ஓரளவு அடைத்துக்கொண்டு நிற்கும். ஓட்டுநர் பக்கக் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள அளவுக்குக் காற்றைப் பிடித்து, நிதானமாகக் கடைக்கு ஓட்டிப் போங்கள். காற்று வேகமாக இறங்கினால் ஸ்டெப்னியை மாட்டிவிடுங்கள். அது ஒல்லியான தற்காலிகச் சக்கரமாக இருந்தால் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது.

மூவரில் நான் இரண்டாமவர் பக்கம். அவர் டயரை ரிம்மிலிருந்து கழற்றப் போகிறார் என்பதுதான் முக்கியக் காரணம். பேட்ச் அதற்கு அப்புறம்தான்.

காற்று குறைந்த டயரோடு ஓட்டும்போது அதன் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. சூடு ஏறி, உள்ளே இருக்கும் நூலிழைகள் விட்டுப்போகின்றன. வெளியே பார்த்தால் புது டயர் போலவே இருக்கும். கழற்றினால் உள்ளேயிருந்து கறுப்பாக ரப்பர் தூள் கொட்டும், உள்சுவரைச் சுற்றித் தேய்ந்த தடம் ஒன்று ஓடும். இப்படிப்பட்ட டயர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உரிமையாளர் ‘கொஞ்ச தூரம்தான் ஓட்டினேன்’ என்பார். அந்த டயருக்கு எந்தப் பேட்ச் போட்டும் பயனில்லை, வேகத்தில் வெடிக்கும். வெளியிலிருந்து திரி போடுகிறவருக்கு இது கண்ணில் படவே படாது. குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

உள்ளே நன்றாக இருக்கிறது என்றால், துளை எங்கே என்று பாருங்கள். தரையில் படும் நடுப்பகுதியில், 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத துளையாக இருந்தால் சரி செய்யலாம். ஓரத்துப் பட்டன் (தரையில் படும் ரப்பர் மேடு) வரிசையிலோ பக்கச்சுவரிலோ இருந்தால் கூடாது. அந்த இடங்கள் ஓடும்போது மடங்கிக்கொண்டே இருப்பதால் ஒட்டியது நிலைக்காது. ‘நான் ஒட்டித் தருகிறேன், ஒன்றும் ஆகாது’ என்று யாராவது தைரியம் சொன்னால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள்.

இப்போது திரிக்கு வருவோம். திரி போட முதலில் அரம் போன்ற கம்பியைத் துளைக்குள் குத்தித் தேய்க்கிறார்கள். ஆணி சாய்வாக ஏறியிருந்தால் கம்பி வேறு பாதையில் போய் உள்ளே இருக்கும் எஃகு இழைகளை அறுத்துவிடலாம். திரி துளையை அடைக்குமே தவிர, காற்றைப் பிடித்து வைக்கும் உள்பூச்சு ரப்பரை மூடாது. சரி, உள்ளே வெறும் பேட்ச் மட்டும் ஒட்டினால்? காற்று நிற்கும். ஆனால் வெளியே துளை திறந்தே கிடப்பதால் தண்ணீர் இறங்கி எஃகு இழைகள் துருப்பிடிக்கும். காளான் பேட்ச்சில் தண்டு துளையை நிரப்புகிறது, தலை உள்பூச்சை மூடுகிறது. இரண்டு வேலையும் ஒன்றாக முடிகிறது.

அதையும் அவசரமாகச் செய்தால் வீண். துளையைச் சரியான அளவுக்குத் துளைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். உள்பூச்சை லேசாகத் தேய்த்துப் பசை தடவி, அது காயும்வரை காத்திருக்க வேண்டும். தண்டை உள்ளிருந்து வெளியே இழுத்து, தலையை உருளையால் அழுத்தி, நீட்டிக்கொண்டிருப்பதை வெட்ட வேண்டும். பக்கத்திலேயே நின்று பாருங்கள். பசை ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் தயங்காமல் கேளுங்கள். முடிந்ததும் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழி வருகிறதா பார்க்கச் சொல்லுங்கள், வீல் பாலன்சிங்கும் செய்யுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பார்த்துவிடுங்கள்.

நடுவழியில் மாட்டிக்கொண்டால் திரி போடுவதில் தப்பில்லை. ஊர் போய்ச் சேர்ந்ததும் கழற்றி முறையாகச் செய்துகொள்ளுங்கள்.

மைத்துனர் சொல்வது, பட்டன் தேய்ந்து 1.6 மில்லிமீட்டர் உயரம்தான் மிச்சமிருந்தாலோ, பழைய பேட்ச் மேலேயே புதியதும் விழுந்தாலோ, நான் மேலே சொன்ன சேதம் இருந்தாலோ சரி. இல்லையென்றால் நல்ல டயரைத் தூக்கி எறிய வேண்டாம்.

கேள்வி: பஞ்சரே ஆகாமலிருக்க டயருக்குள் திரவம் ஊற்றி வைக்கலாமா?

பதில்: முன்கூட்டியே ஊற்றி வைப்பதை நான் சிபாரிசு செய்வதில்லை. ஆணி ஏறியதே தெரியாமல் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். காற்றழுத்த சென்சார் உள்ள வண்டியில் திரவம் சென்சாரை அடைத்துவிடவும் கூடும். அவசரத்துக்கு ஊற்றியிருந்தால், கழற்றுகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கழுவித் துடைக்காமல் பேட்ச் ஒட்டாது.

கேள்வி: டியூப்லெஸ் டயரில் அடிக்கடி பஞ்சர். உள்ளே டியூப் போட்டுவிடலாம் என்கிறார்களே?

பதில்: காருக்கு வேண்டாம். டியூப் உள்ளே உராய்ந்து சூடாகும். அதைவிட முக்கியம், டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் காற்று மெல்லத்தான் இறங்கும். டியூப் கிழிந்தால் சட்டென்று போய்விடும். அடிக்கடி காற்று இறங்குகிறது என்றால் ரிம் விளிம்பையும் வால்வையும் சோப்புத் தண்ணீரில் சோதித்துப் பாருங்கள். ரிம் நெளிந்திருந்தாலும், வால்வு ரப்பர் வெடித்திருந்தாலும் இப்படித்தான் இறங்கும்.