நின்றபடி ஒரு ஓபரா

அன்புள்ள ஐயா,

அலுவலக வேலையாக வியன்னா போயிருந்தேன். கடைசி நாள் மாலை, பாட்டாகவே நடக்கும் இசைநாடகமான ஓபராவுக்கென்று இருக்கும் மாளிகையைக் கடந்தபோது, அன்றைக்கு ‘லா போஎம்’ என்று பலகையில் போட்டிருந்தது. உள்ளே போகலாமா என்று தோன்றியது. எனக்கு இத்தாலிய மொழி தெரியாது, மேற்கத்திய இசையும் கேட்டுப் பழக்கமில்லை, போட்டிருந்ததோ ஜீன்ஸ். நமக்கு என்ன புரியப்போகிறது என்று அறைக்குத் திரும்பிவிட்டேன். இரண்டு மாதம் ஆகியும் அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் செய்தது சரியா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

போயிருக்கலாம். குறையாகச் சொல்லவில்லை. அதே கட்டடத்தின் முன்னால் அதே தயக்கத்தோடு நானும் நின்றிருக்கிறேன். அன்றும் ‘லா போஎம்’தான். மழை தூறிக்கொண்டிருந்தது, மறுநாள் காலைதான் எனக்கு ரயில். பக்கத்துத் தெருவில் ஒரு வரிசை தெரிந்தது. எதற்கென்று கேட்டேன். நின்று பார்ப்பதற்கான டிக்கெட்டாம். நல்ல இருக்கைக்கு இருநூறு யூரோவுக்கு மேல் ஆகும் அந்த அரங்கில், நிற்பதற்கு அதில் சிறு பங்குதான். நானூறு பேருக்கு மேல் நிற்க இடம் உண்டு. அதிலும் கீழ்த்தளத்தில் நிற்கும் பகுதி, பழைய அரச குடும்ப மாடத்துக்கு நேர் கீழே இருக்கிறது. மேடை நேராகத் தெரியும்.

எனக்கு முன்னால் நின்ற பெரியவர் உள்ளே போனதும் தன் மஃப்ளரை, நிற்கும் இடத்துக்கு முன்னால் இருக்கும் கம்பியில் கட்டிவிட்டு வெளியே போனார். இடம் பிடிப்பது அங்கே அப்படித்தான். என்னிடம் கைக்குட்டைதான் இருந்தது, அதைக் கட்டினேன். அரை மணி நேரம் கழித்து வந்தபோது கைக்குட்டையும் இருந்தது, இடமும் இருந்தது. மேல்கோட்டையும் பையையும் உள்ளே போகுமுன் பொருள் வைக்கும் இடத்தில் கொடுத்துவிட வேண்டும். ஜீன்ஸ் போட்டவர்கள் என்னைச் சுற்றிலும் நின்றார்கள்.

மொழி பற்றிக் கேட்டிருந்தீர்கள். கம்பியிலேயே சின்னத் திரை இருக்கிறது, வரிகள் ஆங்கிலத்தில் ஓடும். நானும் முதலில் அதையே படித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அந்தக் காட்சி வந்தது. ரொடால்ஃபோ என்ற ஏழைக் கவிஞனின் அறைக்கு மெழுகுவத்தியை ஏற்றிக்கொள்ள வந்த அண்டைவீட்டுப் பெண் மிமியின் சாவி தொலைந்துவிடுகிறது. இரண்டு பேருடைய விளக்கும் அணைந்து, இருட்டில் தரையில் தேடுகிறார்கள். ரொடால்ஃபோவின் கையில் சாவி அகப்படுகிறது, சொல்லாமல் பையில் போட்டுக்கொள்கிறான். தேடுவதுபோல் போய் அவள் கையைத் தொடுகிறான், எவ்வளவு குளிர்ந்த கை என்று பாடத் தொடங்குகிறான். அதற்குமேல் நான் திரையைப் பார்க்கவில்லை.

அந்தக் குரலுக்கு மைக் கிடையாது. முன்னால் முழு இசைக்குழு வாசிக்கிறது, அதைத் தாண்டி ஒரு மனிதத் தொண்டை நம்மிடம் வந்து சேர்கிறது. இசைக்குழுவின் ஒலி 500 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 500 அதிர்வு) பக்கம் பலமாக இருந்து, அதற்கு மேலே போகப்போகக் குறைகிறது. பயின்ற ஓபராக் குரல் 3000 ஹெர்ட்ஸை ஒட்டித் தன் வலுவைத் திரட்டுகிறது. நம் காதும் அந்த இடத்தில்தான் கூர்மை. இதையெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றிரவு தெரிந்தது, பதிவில் கேட்ட எதுவும் இதுபோல இல்லை என்பது மட்டும்தான். அதற்கு எந்தத் தயாரிப்பும் வேண்டியிருக்கவில்லை.

எல்லா ஓபராவுக்கும் இப்படிச் சொல்லமாட்டேன். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஐந்து மணி நேர ஓபராவாக இருந்தால், கதையையாவது படித்துவிட்டுப் போங்கள் என்பேன். 1896இல் டூரினில் அரங்கேறிய புச்சீனியின் இந்த ஓபராவில் இசை இரண்டு மணி நேரம்கூட வராது. கதையும் எளிது: ஏழை இளைஞர்கள், குளிர், காதல், காசநோய்.

கடைசியில் மிமி சத்தமே இல்லாமல் இறந்துபோகிறாள். மேடையில் இருப்பவர்களுக்கே உடனே தெரிவதில்லை. நண்பர்களில் ஒருவன் முதலில் கவனிக்கிறான். மற்றவர்களின் முகத்தைப் பார்த்து ரொடால்ஃபோ கடைசியாகத்தான் புரிந்துகொள்கிறான். கைதட்டல் ஓய்ந்ததும் பெரியவர் கம்பியிலிருந்து மஃப்ளரை அவிழ்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், பிறகுதான் கழுத்தில் சுற்றினார்.

மறுபடி அந்தப் பக்கம் போனால், நல்ல ஷூவாகப் போட்டுக்கொள்ளுங்கள், கால் கடுக்கும். கம்பியில் கட்ட ஒரு கைக்குட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.