டேலிய தூக்கணுமா, கூட ஒண்ணு சேக்கணுமா?

கேள்வி: வணக்கங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனி வச்சிருக்கோம்ங்க, பிரைவேட் லிமிடெட், வருஷத்துக்கு 12 கோடி டர்னோவர். கணக்கு டேலில, புரொடக்‌ஷன் பூரா எக்ஸெல்ல ஓடுது. சாயப்பட்டறைக்கு போன துணி எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவுன்னு மாசா மாசம் சண்டைதானுங்க. ஒரு சாஃப்ட்வேர்காரர் நூல்ல இருந்து பேக்கிங் வரைக்கும், கணக்கும் சேத்து, உங்களுக்குன்னே புதுசா எழுதித் தர்றேன், டேலிய தூக்கிடலாம்ங்கறார். 6 லட்சம், பாதி அட்வான்ஸ். குடுக்கலாமுங்களா?

பதில்: அட்வான்ஸ் இப்போதைக்கு வேண்டாங்க. புரொடக்‌ஷனுக்கு எழுதித் தர்றேன்னு சொன்னா சரி, ஆனா கணக்கையும் சேத்து புதுசா எழுதறேங்கறாரே, அங்கதான் எனக்கு பயமா இருக்கு. கம்பெனி சட்டத்துல பதிவான கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் 1ல இருந்து கணக்கு சாஃப்ட்வேர்ல எடிட் லாக் கட்டாயம், ஒரு என்ட்ரிய எப்ப மாத்தினாங்க, என்னத்த மாத்தினாங்கன்னு எல்லாம் பதிவாகணும், அத ஆஃப் பண்ற வசதியே இருக்கக் கூடாது, உங்க ஆடிட்டர் ரிப்போர்ட்ல இத பத்தி எழுதியே ஆகணும். (பார்ட்னர்ஷிப் கம்பெனிக்கு இது கிடையாது, நீங்க பிரைவேட் லிமிடெட்ங்கறதால சொல்றேன்.) டர்னோவர் 5 கோடி தாண்டினதால இ-இன்வாய்ஸ் (பில்ல அரசு போர்ட்டல்ல பதிவு பண்றது) உங்களுக்கு ஏற்கனவே இருக்கும், அதுலயும் 10 கோடிக்கு மேல போனவங்க பில் போட்ட 30 நாளுக்குள்ள போர்ட்டல்ல ஏத்தலைன்னா ஏத்தவே முடியாதுன்னு 2025 ஏப்ரல்ல மாத்திட்டாங்க. இப்படி ரூல் மாறும்போதெல்லாம் அந்த ஒருத்தருக்கே போன் போட்டுட்டு உக்காந்திருக்க முடியுமா? லட்சக்கணக்கான கம்பெனி யூஸ் பண்ற சாஃப்ட்வேர்னா அது அப்டேட்ல வந்துடும். அதனால கணக்கு டேலிலயே இருக்கட்டும், அதுல கைய வைக்காதீங்க.

காச எங்க போடணும்னா உங்க சண்டை எங்க இருக்கோ அங்க. 500 கிலோ கிரே துணி (சாயம் போடாதது) டையிங்குக்கு அனுப்பறீங்க, முதல் டிசில (டெலிவரி சலான், சரக்கு கூட வர்ற சீட்டு) 280 கிலோ வருது, அடுத்ததுல 190, ஆக 470. 30 கிலோ குறையுது, அதாவது 6 பர்சன்ட். பேசினது 5 பர்சன்ட் லாஸ்னா 25 கிலோ போக பாக்கி 5 கிலோவுக்கு யார் பதில் சொல்றது? இதே துணி போகும்போது கிரே, வரும்போது நேவி, மெரூன்னு கலர் கலரா, டயா டயாவா (துணி அகல வாரியா) பிரிஞ்சு வருது. போன ஐட்டம் ஒண்ணு, வந்த ஐட்டம் வேற, ரெண்டையும் லாட் நம்பர் வச்சு கோக்கத் தெரியாத சாஃப்ட்வேர் எவ்வளவு அழகா இருந்தாலும் உங்களுக்கு ஆகாது. அதுக்கப்பறம் கட்டிங்ல கிலோ பீஸா மாறும், பவர் டேபிள்ல (தையல்ல) சைஸ் வாரியா கணக்கு வரும், அது இன்னொரு தலைவலி.

இது வெறும் ஸ்டாக் பிரச்சனை மட்டும் இல்லீங்க. ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளிய கூலிக்கு செஞ்சு வாங்க, போன துணி 1 வருஷத்துக்குள்ள திரும்பலைன்னா, அனுப்பின அன்னைக்கே வித்த மாதிரி எடுத்துக்கிட்டு ஜிஎஸ்டியும் வட்டியும் கேப்பாங்க. 5 கோடிக்கு மேலங்கறதால ஐடிசி-04 (ஜாப் ஒர்க்குக்கு போனது, வந்தது எவ்வளவுன்னு காட்டற ஜிஎஸ்டி ஃபார்ம்) வேற ஆறு மாசத்துக்கு ஒருக்கா போடணும். டிசி பாக்கி சரியா தெரியாம அத எப்படி போடுவீங்க?

டேலிலயே ஜாப் ஆர்டர் வசதி இருக்கு, மெட்டீரியல் அவுட், மெட்டீரியல் இன்னு தனி வவுச்சரே உண்டு, நிறைய பேர் ஆன் பண்ணிக் கூட பாத்ததில்ல. மொதல்ல அத ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க. பத்தலைன்னா தனியா புரொடக்‌ஷன் சாஃப்ட்வேர் எடுங்க, பில்லும் பர்சேஸும் மட்டும் அதுல இருந்து டேலிக்கு போனா போதும்.

டெமோவுக்கு வர்றவங்க அவங்க டேட்டாவதான் காமிப்பாங்க, அதுல எல்லாமே நல்லா ஓடும். நீங்க போன மாசத்து டிசி கட்ட எடுத்து வச்சுக்கிட்டு, உங்க டிசி போடற ஆளையே உக்கார வச்சு அந்த சாஃப்ட்வேர்ல என்ட்ரி அடிக்கச் சொல்லுங்க. பாதி சரக்கு வந்தது, ரிஜெக்ட் ஆகி மறுபடி டையிங் போனது, ரேட் பேசாம அனுப்பினது, இந்த கோணலான டிசியெல்லாம் கட்டாயம் இருக்கணும். அங்க முழிச்சாங்கன்னா தெரிஞ்சுடும். காசும் பாதி அட்வான்ஸ்னு குடுக்காம டிசி பகுதி ஓட ஆரம்பிச்சதும் இவ்வளவு, கட்டிங் ஓடினதும் இவ்வளவுன்னு பிரிச்சு எழுதிக்கோங்க, கொஞ்ச நாள் எக்ஸெல்லும் கூடவே ஓடட்டும். ரெண்டுலயும் ஸ்டாக் ஒத்துப் போனப்பறம் கடைசி காசு.

கேள்வி: எங்க பில் ஃபார்மட்டுக்கு டேலில டிடிஎல் (டேலிய நமக்கேத்த மாதிரி மாத்தற கோடு) எழுதி வாங்கினோம். வெர்ஷன் அப்டேட் பண்ணினா பில் கோணலா வருது, எழுதினவர் போன் எடுக்க மாட்டேங்கறார். வேற ஆள் சரி பண்ணலாமா?

பதில்: சோர்ஸ் ஃபைல் உங்ககிட்ட இருந்தா எந்த டிடிஎல் ஆளும் பாத்துடுவாங்க. டிசிபி ஃபைல் மட்டும் குடுத்திருந்தா அது கம்பைல் பண்ணினது, உள்ள என்ன எழுதியிருக்குன்னு பாக்க முடியாது, புதுசாத்தான் எழுதணும். பில் ஃபார்மட்தானே, பெரிய வேலை இல்ல. இந்த தடவை சோர்ஸையும் குடுத்தாதான் பணம்னு முன்னாடியே பேசிடுங்க. டேலி அப்டேட்டையும் டேட்டாவோட ஒரு காப்பில போட்டுப் பாத்துட்டு அப்பறம் மெயின் மெஷின்ல போடுங்க.

கேள்வி: ஓடூ, இஆர்பி நெக்ஸ்ட்னு கணக்கு, ஸ்டாக் எல்லாம் சேத்து பாக்கற சாஃப்ட்வேர் எல்லாம் ஃப்ரீங்கறாங்களே, நிஜமாவா?

பதில்: லைசன்ஸ் ஃப்ரீ, ஓட்டறது ஃப்ரீ இல்ல. இஆர்பி நெக்ஸ்ட் முழுசாவே ஓப்பன் சோர்ஸ், மும்பை ஃப்ராப்பே கம்பெனி பண்றது, சொந்த சர்வர்ல போட்டுக்கிட்டா எத்தனை பேர் யூஸ் பண்ணினாலும் லைசன்ஸ் காசு கிடையாது. ஓடூல ஃப்ரீயா வர்ற கம்யூனிட்டி எடிஷன்ல பில் போடலாம், முழு அக்கவுண்டிங் வேணும்னா என்டர்பிரைஸ், அதுக்கு ஆள் கணக்குல சந்தா. ரெண்டுக்குமே சர்வர், செட் பண்ற ஆள், அப்பறம் அப்கிரேடுன்னு செலவு உண்டு. கஸ்டமைஸ் பண்றவங்க மெயின் கோடுக்குள்ள கைய வைக்காம தனி மாட்யூலா எழுதறாங்களான்னு கேளுங்க, இல்லைன்னா அடுத்த வெர்ஷன் வரும்போது எழுதினதெல்லாம் போயிடும். உங்க ஆபீஸ்ல இத புரிஞ்சுக்கிட்டு கூட நிக்கறதுக்கு ஒரு ஆளாவது இருந்தா தாராளமா இறங்குங்க, அப்படி யாரும் இல்லைன்னா இப்ப வேண்டாம்.