மருத்துவமனைக்குப் போவது அவிசுவாசமா?

கேள்வி: என் கணவர் பல வருடங்களாகக் குடிக்கிறார். சென்ற ஆண்டு ஒரு நற்செய்திக் கூட்டத்தில் அழுது ஆண்டவரை ஏற்றுக்கொண்டார். மூன்று மாதம் குடியைத் தொடவில்லை; சபையில் சாட்சியும் சொன்னார். பிறகு ஒரு கல்யாண வீட்டில் மறுபடியும் தொடங்கிவிட்டது. இப்போது விடிந்ததும் கை நடுங்குகிறது, குடித்தால்தான் நிற்கிறது. மருத்துவமனையில் சேர்ப்பது அவிசுவாசம், மூன்று நாள் உபவாசம் போட்டு வீட்டிலேயே வையுங்கள் என்கிறார் சபை மூப்பர். சாப்பாட்டில் தெரியாமல் மருந்து கலந்து கொடு என்கிறார் நாத்தனார். எனக்கு வழி சொல்லுங்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத சகோதரி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, மருத்துவமனையில் சேருங்கள். இந்த வாரமே சேருங்கள். மற்றதை எல்லாம் பிறகு பேசலாம்.

காலையில் கை நடுங்குவதும், குடித்ததும் அது அடங்குவதும், அவருடைய உடம்பு சாராயத்துக்குப் பழகிவிட்டது என்பதற்கு அடையாளம். இந்த நிலையில் உள்ளவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். காய்ச்சலும் வியர்வையும் காணும். இல்லாத உருவங்கள் கண்ணில் தெரியும், காதில் குரல் கேட்கும். இதைப் பிசாசின் பிடி என்று நினைத்து, கட்டிவைத்து ஜெபித்த வீடுகள் உண்டு. இது உயிரைப் பறிக்கக்கூடிய மருத்துவ அவசரம். மூப்பர் சொன்ன அந்த மூன்று நாட்கள்தான் மிக ஆபத்தான நாட்கள். மருத்துவமனையில் நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மருந்துகளைக் கொடுத்து, படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் என்னும் வைட்டமின் பி1 ஏற்றுவார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற இலவச எண்ணில் கேளுங்கள்.

இது அவிசுவாசமா? எசேக்கியா ராஜாவை நினைத்துப் பாருங்கள். மரணத்துக்கு ஏதுவான வியாதியில் சுவர்ப்புறமாகத் திரும்பி அழுது ஜெபித்தார். கர்த்தர் கேட்டார், ஆயுசில் 15 வருடம் கூட்டினார். அந்த வாக்கைக் கொண்டுவந்த அதே ஏசாயாதான் அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார். ஜெபத்துக்குப் பதில் கிடைத்தபிறகும் பற்று வேண்டியிருந்தது. மூப்பரிடம் ஏசாயா 38-ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள். மரியாதையோடு, ஆனால் பின்வாங்காமல்.

இன்னொன்றும் சொல்கிறேன். அமெரிக்காவில் பில் வில்சன் என்பவர், முன்பும் சிகிச்சை பெற்று மறுபடி குடியில் விழுந்தவர், 1934 டிசம்பரில் நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கே, நோயாளியாகப் படுத்திருந்தபோதுதான், கடவுளை நோக்கிக் கதறினார். 1971-இல் இறக்கும்வரை அவர் மறுபடி குடிக்கவில்லை. 1935-இல் டாக்டர் பாப் ஸ்மித்துடன் சேர்ந்து அவர் தொடங்கியதுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்கிற ஏ.ஏ. அது சபை அல்ல, எந்த மதத்தையும் சேர்ந்ததும் அல்ல. ஆனால் அன்றைய ஒரு கிறிஸ்தவ இயக்கத்தின் பழக்கங்களிலிருந்து பிறந்தது. பாவ அறிக்கை, செய்த தீங்குக்கு ஈடுசெய்தல், ஒருவரையொருவர் தாங்குதல் என்று நம் யாக்கோபு நிருபத்தின் வாசனை அதில் நிறையவே உண்டு. தமிழ்நாட்டிலும் அதன் கூட்டங்கள் நடக்கின்றன. சிகிச்சை முடிந்ததும் உங்கள் கணவர் அங்கே போகட்டும். தன்னைப் போல விழுந்து எழுந்தவர்களின் நடுவில் உட்காரும்போது கிடைக்கும் பலம் வேறு.

மூன்று மாதத்தில் விழுந்துவிட்டாரே என்று அவருடைய மனந்திரும்புதலைச் சந்தேகிக்காதீர்கள். பெத்சாயிதாவில் குருடனை ஆண்டவர் இரண்டுமுறை தொட்டார். முதல் தொடுதலில் மனிதர்கள் மரங்களைப் போலத்தான் தெரிந்தார்கள். அதற்காக அந்த முதல் தொடுதல் பொய்யாகிவிடுமா? எனக்கு வருத்தம் சபைமேல்தான். மூன்று மாதம்கூட நிலைக்காத ஒருவரை மேடையில் ஏற்றிக் கைதட்டுகிறோம். அவர் விழுந்ததும், அதே மக்கள் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு ஆராதனைக்கே வராமல் போகிறார். இனி ஓராண்டுக்கு அவரைச் சாட்சி சொல்ல அழைக்க வேண்டாம் என்று போதகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். திருவிருந்தில் புளித்த திராட்சரசம் கொடுப்பது உங்கள் சபை வழக்கமானால், அவருக்குப் புளிக்காத சாறு தரும்படியும் சொல்லுங்கள்.

நாத்தனார் சொல்லும் மருந்து வேண்டவே வேண்டாம். அப்படிக் கலக்கப்படுவது பெரும்பாலும் டைசல்ஃபிரம். அதன்மேல் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். மருத்துவர் கண்காணிப்பில், அவரே தெரிந்து சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மாத்திரை அது.

கடிதம் முழுவதும் அவரைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர் கை ஓங்குகிறவர் என்றால், பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போய்விடுங்கள், அங்கிருந்தும் ஜெபிக்கலாம். அவருடைய குடிக்கு நீங்கள் காரணம் இல்லை. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற குழு இருக்கிறது. அவர் ஏ.ஏ. கூட்டத்துக்கு வர மறுத்தாலும், நீங்கள் இதற்குப் போகலாம்.