கதிர் முற்றும்போது நெல் இலை மஞ்சளாவது ஏன்?

பால் பிடித்த நெல்லில் அடியிலைகள் மஞ்சளாகின்றன, யூரியா போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பதற வேண்டாம். பெரும்பாலும் இது நைட்ரஜன் (தழைச்சத்து) பற்றாக்குறை அல்ல, அதன் இடமாற்றம்.

இலையின் நைட்ரஜனில் பெரும்பகுதி பசுங்கணிகப் (ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை நுண்ணுறுப்பு) புரதங்களில், முக்கியமாக காற்றின் கரியமில வாயுவைப் பிடிக்கும் ருபிஸ்கோ என்ற புரதத்தில் இருக்கிறது. மணி உருவாகத் தொடங்கியதும் பயிர் அவற்றை அமினோ அமிலங்களாக உடைத்து, குளூட்டமின், அஸ்பராஜின் வடிவில் புளோயம் என்னும் உணவு கடத்தும் குழாய்கள் வழியாகக் கதிருக்கு அனுப்புகிறது. அங்கே அவை குளூட்டெலின் என்னும் சேமிப்புப் புரதமாகின்றன. மணியிலுள்ள நைட்ரஜனில் பாதிக்கு மேல் இப்படிப் பழைய உறுப்புகளிலிருந்து வந்ததுதான். எத்தனை கச்சிதமான ஏற்பாடு!

மூத்த இலைகளே முதலில் காலியாகும். கதிருக்கு அடுத்துக் கீழேயுள்ள கடைசி இலையான கண்ணாடி இலை நெடுநாள் பச்சையாக நின்று மணிக்குச் சர்க்கரை தயாரிக்கும். அடியிலை மட்டும் பழுத்தால் யூரியா வேண்டாம். போட்டால் முற்றுவது தள்ளிப்போகும். பால் பிடிக்கும்போதே கண்ணாடி இலையும் வெளுத்தால் வேளாண் அலுவலரிடம் காட்டுங்கள்.